பக்கத்தில் இடம் பிடிக்காத ஒன்பதாம் பகுதி

நகரக் குடிநீர் அலுவலகம் காலத்தோடு ஒத்துப்போவது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, ஒரு டாஷ்போர்டை வரவழைத்தது. வரவேற்பறைச் சுவரில் பெரிய திரை. அதில் நகரத்தின் ஒன்பது பகுதிகளும் வரிசையாக ஒன்பது கம்பங்களாக நின்றன. தண்ணீர் ஏறினால் கம்பம் ஏறும். வறண்டால் கம்பம் குறுகிச் சிவக்கும். திறப்பு விழாவில் இயக்குநர், "இனி ஊகத்துக்கு இடமில்லை" என்று அறிவித்தார். எல்லோரும் திரையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. திரையில் கையெழுத்துப் போட முடியவில்லை.

கையெழுத்து இல்லாத தண்ணீர், அலுவலக நடைமுறைப்படி, தண்ணீர் ஆகாது. ஆகவே தினமும் காலையில் டாஷ்போர்டை அச்செடுத்து, உரியவர்கள் கையெழுத்திட்டு, கோப்பில் கோத்துவைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உள்ள பகுதிகளுக்கு மட்டுமே வால்வுக்காரர் வால்வைத் திறக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

பக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு டாஷ்போர்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு. அலுவலகத்தில் அவளுக்கு டாஷ்போர்டம்மா என்றே பெயராகிவிட்டது. அவளுக்கு யோசனை சொல்லும் பொறுப்பைத் தலைமை எழுத்தர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அவரை மார்ஜின் என்பார்கள். அவருக்கும் அது தெரியும், பெருமைதான்.

"இடது பக்கம் நாலு விரல் விடும்மா. கோப்புல ஓட்டை போடணும்."

"விட்டுட்டேன் சார்."

"வலது பக்கம் இயக்குநர் சாரோட குறிப்புக்கு இடம். அதுக்குப் பக்கத்துல அதிகாரிங்க கையெழுத்து, ஒருத்தர் கீழ ஒருத்தர். அதுக்கும் பக்கத்துல இன்னொரு வரிசை."

"அதுல யாரு?"

"நான்தான். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கன்னு நான் கையெழுத்துப் போடணும் இல்ல?"

இவ்வளவுக்கும் இடம் ஒதுக்கியபின் பக்கத்தில் எட்டுக் கம்பங்கள் நின்றன. ஒன்பதாவது கம்பம் காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. வால்வுக்காரர் பக்கத்தைப் பார்த்தார். எட்டு வால்வுகளைத் திறந்தார். கடமை தவறாத மனிதர்.

டாஷ்போர்டம்மாவின் வீடு ஒன்பதாம் பகுதியில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக் குழாய் இருமியது. பிறகு அதையும் நிறுத்திக்கொண்டது. மாமியார் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்: "ஊருக்கெல்லாம் எவ்வளவு தண்ணின்னு நீதான் கோடு போட்டுக் காட்டுறியாமே. நம்ம குழாய்ல காத்து வருது. அதுக்கும் ஒரு கோடு போடேன்."

"போட்டிருக்கேன் அத்தை. சிவப்பாவே போட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"பேப்பர்ல விழல. ஓரத்துல வெட்டுப்பட்டுப் போகுது."

"அப்ப நாம ஓரத்துலயா குடியிருக்கோம்? கல்யாணம் பேச வந்தப்ப ஊருக்கு நடுவுலன்னு இல்ல உங்கப்பா கிட்ட சொன்னோம்!"

மறுநாள் அவள் இயக்குநரைத் திரைமுன் அழைத்துப்போனாள்.

"பாருங்க சார். ஒன்பதாம் பகுதி."

இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரசித்தார். "நல்ல சிவப்பும்மா. தூரத்துலயிருந்தே பளிச்சுனு தெரியுது. ஆனா என் மேசைக்கு வரலையே?"

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா வந்துடும் சார்."

சின்ன எழுத்துக்குக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி போட்டால் வயதானது தெரிந்துவிடும். இயக்குநர் மறுத்தார்.

"பேப்பரைப் படுக்கவெச்சு அடிக்கலாமா சார்?"

"கோப்பு நிக்குது, பக்கம் மட்டும் படுத்தா எப்படி? சார் கழுத்தைச் சாய்ச்சா படிப்பாரு?" என்றார் மார்ஜின்.

"ரெண்டாவது பக்கம்?"

"ரெண்டாவது பக்கம்னா அது இணைப்பு. இணைப்பைப் படிக்கிற வழக்கம் இங்க இல்ல."

அவள் இடத்துக்குத் திரும்பிச் சுற்றறிக்கையை மறுபடி படித்தாள். ஓரம், துளை, கையெழுத்து எல்லாம் இருந்தன. எந்தப் பகுதியை முதலில் போடுவது என்று மட்டும் இல்லை. ஒன்பதைத் தூக்கி ஒன்றுக்கு முன்னால் வைத்தாள்.

அடுத்த காலை அவள் வீட்டுக் குழாய் பொங்கியது. பக்கத்துக்கு வெளியே இப்போது எட்டாம் பகுதி. இயக்குநர் குடியிருந்தது அங்கே.

ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்தும் இயக்குநர் அலுவலகம் வந்தார். கோப்பை வாங்கித் தேடினார். "எங்கேயும் தண்ணிக் குறை பதிவாகலையே?"

"பக்கத்தின்படி உங்க வீட்டுல குறை இல்ல சார்," என்றார் மார்ஜின் பணிவாக.

"அப்ப என் மூஞ்சி?"

மார்ஜின் யோசித்தார். "அதை இணைப்பா வெச்சுக்கலாம் சார்."

விசாரணை டாஷ்போர்டம்மாவிடம் வந்தது. வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். "வரிசை பத்திச் சுற்றறிக்கையில எதுவும் சொல்லல சார்."

இயக்குநர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எட்டையும் முன்னாடி கொண்டு வந்துடும்மா."

கொண்டு வந்தாள். ஏழாம் பகுதி வெளியே விழுந்தது. மார்ஜினின் வீடு ஏழில்.

"சார், உங்க ஒரு கையெழுத்தை எடுத்துட்டா ஒன்பதும் பக்கத்துக்குள்ள வந்துடும். உங்க வீட்டுக்கும் தண்ணி வரும்," என்றாள் அவள்.

மார்ஜினுக்குக் கண் கலங்கிவிட்டது. "தண்ணி இல்லாமக்கூட இருந்துடலாம்மா. கையெழுத்து இல்லாம நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

இயக்குநரே உருகிப்போனார். ஏழும் முன்னால் வந்தது. கையெழுத்திடும் யாரும் ஆறாம் பகுதியில் குடியில்லை என்று ஒரு குழு உறுதி செய்தபின், பக்கத்தின் வடிவம் இறுதியானது என்று அறிவிக்கப்பட்டது.

ஆறாம் பகுதிக்காரர்கள் காலிக் குடங்களோடு திரண்டு வந்தார்கள். வரவேற்பறைத் திரையில் தங்கள் கம்பம் சிவந்து நிற்பதைப் பார்த்தார்கள். "நம்ம கஷ்டம் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குப்பா," என்று ஒருவர் சொன்னார். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார்கள்.

அன்று டாஷ்போர்டம்மாவின் வீட்டில் குழாய் நிற்காமல் கொட்டியது. குடம், வாளி, தவலை எல்லாம் நிரம்பியபின் மாமியாருக்கு ஏதோ நினைவு வந்தது. "ஏம்மா, இப்ப அந்த ஓரத்துல யாரு இருக்கா?"

"ஆறாம் பகுதி, அத்தை."

"ஐயோ பாவம். அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

அவள் சற்று யோசித்தாள். "யாரும் இல்ல அத்தை."

"அப்பச் சரி. பரண்ல அந்தப் பெரிய அண்டா இருக்கு பாரு, அதையும் இறக்கு."

அவள் ஏணியைச் சாத்தி ஏறினாள்.