என் குரலில் நானே பேசிய நாள்

எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது. (பெண் பார்க்க வந்தவர்கள் பேர் கேட்டபோதே என் அக்காதான் பதில் சொன்னாள்.) அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு நாள் இருபத்திரண்டு வீடுகள் நின்றன.

இரும்புலியூர்ப் பக்கம் ஏரிக்கரையில் எங்கள் வீடுகளை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மானிடவியல் என்று ஏதோ மேல்படிப்புப் படிக்கும் நந்தினி என்கிற பெண், ஒரு வருஷமாக எங்கள் தெருவுக்கு வந்து எங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. எங்கள் காகிதங்களெல்லாம் அதற்கு அத்துப்படி. இங்கிலீஷ் வேறு பேசும். கருத்துக் கேட்கும் கூட்டத்தில் அதிகாரியிடம் அதுவே பேசிவிடும் என்று நிம்மதியாக இருந்தோம்.

"நான் பேசக்கூடாதும்மா," என்றது. "முன்னாடி எங்க படிப்புல வெளியாளுங்கதான் மத்தவங்களுக்காகப் பேசுவாங்க. அது அவங்க குரலைப் பறிக்கிறதுன்னு இப்போ தியரி. நீங்கதான் பேசணும்."

"நான் பேசறேன் கண்ணு," என்றாள் எதிர்வீட்டு சரோஜா. அவள் வாய்க்கு லாரிக்காரனே வண்டியை ஓரம் கட்டுவான்.

"நீங்க எப்பவும் பேசறவங்க ஆன்ட்டி. பேசாதவங்க குரல்தான் முதல்ல கேக்கணும்."

பேசாதவள் எங்கள் தெருவில் ஒருத்திதான். மூன்று நாள், குளிக்கும்போதுகூட ஒப்பித்தேன்: "நாப்பது வருஷமா இங்கதான் கீறோம். எங்கள எடுக்காதீங்க சார்."

கல்யாண மண்டபம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாள் ஒப்பித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நந்தினியைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டது. சரோஜா எழுந்தாள். "அவங்க பேசட்டும் ஆன்ட்டி" என்று நந்தினி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கிற ஒன்றுதான் என் வாயில் வந்தது.

"டீ சாப்ட்டீங்களா சார்?"

மண்டபமே சிரித்தது. "ஆச்சும்மா. வேற எதாச்சும் சொல்லணுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவைக் கூப்பிட்டார்.

மூன்றாம் வாரம் பொக்லைன் வந்தது. சரோஜா அழுதுகொண்டே, "இன்னாடி, டிரைவருக்கும் டீ குடுக்கறதுதானே?" என்றாள். (கொடுத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.)

இப்போது எங்கோ தள்ளி, அரசாங்கம் கொடுத்த ஐந்தாவது மாடி வீட்டில் இருக்கிறோம். டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு நந்தினி ஒரு நாள் ஸ்வீட்டுடன் வந்தது. என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"அத்தே, கம்முனு இருங்க!" அடுப்படியிலிருந்து மருமகள் கத்தினாள். "டீ கீ கேட்டுடாதீங்க. இந்த வூடும் பூடும்!"

யார் வந்தாலும் எங்கள் வீட்டில் இந்தக் கூத்து உண்டு. நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். இதுவரை சிரிக்காதது நந்தினி ஒன்றுதான்.