நானும் கார்க் நகரத்து லோர்கன் டெவனியும் ஒருவரல்லர்

ஸ்லைகோ, அயர்லாந்து,
2 ஜூன் 2025

கெல்டிய ஆய்வியல் இணைய நூற்பட்டியலின் தலைமைப் பதிப்பாசிரியர் முனைவர் ஐல்வென் ப்ரொதெரோ அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உயிரோடிருப்பவர்களைப் பற்றித் தங்கள் பட்டியல் காட்டும் அக்கறையைப் பார்த்த பிறகும் நம்புகிறேன். என் புகார்கள் வருமாறு:

1. மார்ச் 11: ஸ்லைகோ லோர்கன் டெவனியாகிய என்னையும் கார்க் லோர்கன் டெவனியையும், இருவரும் 1968இல் பிறந்து ஒரே சுவடியை ஆராய்ந்தவர்கள் என்பதால், ஒரே ஆளாக இணைத்தீர்கள்.

2. மார்ச் 19: கில்டாரக் சுவடி பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நான் எழுதிய பதினாறு கட்டுரைகளின் கீழ், அது பதினைந்தாம் நூற்றாண்டுப் போலி என்று அவர் எழுதிய பத்தொன்பதையும் அடுக்கி, "ஆசிரியர் பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்" என்று குறிப்பெழுதினீர்கள்.

3. ஏப்ரல் 4: அவர் காலமானார். என் பெயரிலும் இறந்த தேதியைப் போட்டு, என்னையும் உடன் அனுப்பிவைத்தீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நால்வர் இருப்பார்கள். தகப்பன், பாட்டன் பெயர்களைச் சேர்த்து அழைப்போம். நான் லோர்கன் மார்ட்டின் ஜோ. முனைவர் பட்டம் பெறாத எங்கள் தபால்காரர் இதில் ஒருநாளும் தவறியதில்லை. தங்கள் குழுவில் பட்டம் பெற்றோர் பதினொருவர். நான் இறந்துவிட்டதாக, மாவட்ட நூலகத்தில் வேலை பார்க்கும் தன் மகள் தங்கள் பட்டியலைப் பார்த்துச் சொன்னாள் என்று அடுத்த வீட்டு நூலா டான்சி, துக்க வீட்டுக்கு எங்கள் ஊரில் கொண்டுபோகும் ஹாம் சாண்ட்விச் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நீயா வந்து கதவத் தொறக்கிற? போயிட்டன்னாளே."

"இருக்கேன் நூலா."

"அப்ப இத என்ன பண்றது? இருபத்துநாலு வெட்டியிருக்கேன்பா."

"உள்ள வை. செத்தவன் சார்பா நானே சாப்பிடுறேன்."

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் இருபத்து மூன்று ஆண்டு உழைப்பில் நான் முடித்த சுவடிப் பதிப்பு அச்சுக்குப் போகும் தறுவாயில், பதிப்பகத்துப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஆசிரியரே இந்தக் கருத்து தப்புன்னு எழுதிட்டாராமே. இப்ப ஆளும் இல்ல. ஒப்பந்தத்துல யாரு கையெழுத்து போடுவா?"

"அம்மா, நான்தான் ஆசிரியர். பேசிக்கிட்டிருக்கேன்."

"அது சரிங்க சார். இருந்தாலும் குடும்பத்துல வேற யாராவது எழுதிக் கொடுத்தா நல்லாருக்கும்."

ஜூன் முப்பதுக்குள் தங்கள் பட்டியல் திருத்தப்படாவிட்டால் நூலைக் கைவிடுவார்களாம். என்னை எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர் அந்தக் கார்க் டெவனி. 2009க்குப் பிறகு அவர் எழுதிய ஒரு வரியையும் நான் படித்ததில்லை. அவரது பத்தொன்பது கட்டுரைகளையும் இறப்பையும் என் பெயரிலிருந்து உடனே அகற்றுக.

தங்கள் பணி சிறக்க வாழ்த்துகளுடன்,
லோர்கன் டெவனி (உயிருடன்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் பட்டியலை மறுபடி திறந்தேன். இன்று காலை முப்பத்தாறாவதாக ஒரு கட்டுரையைச் சேர்த்திருக்கிறீர்கள். அதன் சுருக்கம்: "கில்டாரக் சுவடியின் காலத்தைக் கணித்ததில் இத்தனை ஆண்டுகளாகத் தாம் செய்த பிழையை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார்." நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால், போகுமுன் ஒப்புக்கொண்டு எழுதியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அதை நான் படித்து முடிக்கும் வரை எங்களைப் பிரிக்க வேண்டாம். கட்டுரையின் முழுப் படியையும் தங்கள் எழுத்துபூர்வமான பதிலையும் ஜூன் 13, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் எனக்கு அனுப்புக.