ஐஸ் பெட்டியும் முதல் பந்தியும்

இனிமேல் வெளியே கிளம்பினால் குழந்தையின் சாப்பாடு தன் பொறுப்பு என்று சாய்சரண் ஒரு புதன்கிழமை அறிவித்தான். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் அவன். தலைமயிர் அளவு பிசகு இருந்தாலும் பம்பைத் திருப்பி அனுப்பிவிடுவான். வீட்டில் திருப்பி அனுப்ப அவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

போன மாதம் காரமடைக் கோயிலுக்குப் போனபோது, ஒன்பது மாதக் குழந்தை நவ்யாவுக்கு எடுத்துப்போன கேழ்வரகுக் கஞ்சி ஃபிளாஸ்க்கிலேயே கெட்டுவிட்டது. வீடு திரும்பும்வரை பசியில் ஒரே அழுகை. கஞ்சியை வெதுவெதுப்பாக ஃபிளாஸ்க்கில் ஊற்றியது தான்தான் என்பதை சாய்சரண் மறந்துவிட்டான். அவன் மனைவி தேஜஸ்ரீ மறக்கவில்லை.

"ஒண்ணு கொதிக்கக் கொதிக்க இருக்கோணும், இல்லீன்னா ஜில்லுனு இருக்கோணும். வெதுவெதுன்னு வெச்சா கிருமிக்குத்தான் கொண்டாட்டம்," என்றான்.

"அப்படீங்களா," என்றாள் தேஜஸ்ரீ.

"செஞ்சதும் தண்ணிக் குண்டாவுல வெச்சு சீக்கிரம் ஆத்தோணும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா. ஃபிரிட்ஜ்ல இருந்து நேரா ஐஸ் பெட்டிக்குப் போகோணும். ஸ்பூன் பட்ட மிச்சத்தத் திரும்ப மூடி வெக்கவே கூடாது."

"எனக்கு இதெல்லாம் கை வராதுங்க. நீங்களே பாத்துக்குங்க."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. பம்பாக இருந்தால் சாய்சரண் சந்தேகப்பட்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அன்னூரில் உறவில் ஒரு கல்யாணம். முந்தின சாயங்காலமே பருப்பும் கேரட்டும் குழைய வேகவைத்து, மசித்து, ஆற்றி, டப்பாக்களில் அடைத்துவிட்டான். மண்டபத்துக்குள் ஒரு தோளில் ஐஸ் பெட்டி, மறு தோளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் நவ்யா என்று நுழைந்தான். பின்னால் பட்டுப்புடவையில் வந்த தேஜஸ்ரீயின் கையில் ஒரு கைக்குட்டை மட்டும் இருந்தது.

எட்டரை மணிக்கு முதல் பந்திக்கு அழைத்தார்கள். சுடச்சுட இடியாப்பம்போல் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் என்று செய்தி வந்தது. அதே நேரத்துக்கு நவ்யாவுக்கும் பசித்தது.

"நீ ஊட்டிட்டு வாயேன்," என்றான் சாய்சரண்.

"அய்யோ, நான் பெட்டியத் தொறந்து ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா? நீங்களே ஊட்டுங்க, வாரேன்," என்று சொல்லிவிட்டுத் தங்கை ஷ்ரவ்யாவோடு பந்திக்குப் போய்விட்டாள்.

டப்பாவை வெந்நீரில் இறக்கிச் சுட வைத்து, பதமாக ஆற்றி, ஊட்டத் தொடங்கினான். நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். ஒருத்தி விவரம் கேட்டாள். அவன் சொன்னான். இன்னொருத்திக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறியது. மூன்று பந்தி எழுந்துபோனது.

சாப்பாட்டுக் கூடத்துக்கு அவன் போனபோது பரிமாறுகிறவர் இலையைப் போட்டு, "சந்தகை மொதப் பந்தியிலயே தீந்துபோச்சுங்க. உப்புமா இருக்குதுங்க," என்றார்.

உப்புமாவைத் தின்றுவிட்டு வந்தவனிடம் ஷ்ரவ்யா மெச்சிக்கொண்டு சொன்னாள்: "சுத்தமாச் செய்யறீங்க மாமா. அக்கா சொல்லிக் குடுத்தது மாதிரியே."

"எந்த அக்கா?"

"எங்கக்காதானுங்க. எம் பையன் வம்சிக்குக் கூழ் ஆரம்பிச்சப்ப தண்ணிக் குண்டா, டப்பா, ஐஸ் பெட்டி, எல்லாம் அக்காதானுங்க சொல்லிக் குடுத்துச்சு."

சாய்சரண் நேராக மனைவியிடம் போனான். அவள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கல?"

"நீங்க சொல்றதக் கேக்க நல்லா இருந்துச்சுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சந்தகையும் நல்லா இருந்துச்சு," என்றாள்.

கையோடு இன்னொன்றும் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெழம அந்தியூர்ல வளைகாப்பு இருக்குதுங்க. வம்சிக்கும் சேத்து நீங்களே செஞ்சுபோடுவீங்கன்னு ஷ்ரவ்யாகிட்டச் சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், சாய்சரண் கொஞ்சம் பெரிய ஐஸ் பெட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தான்.