பெண் பேசிய வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வயது வர வேண்டும். எனக்கு அப்போது வரவில்லை. பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோலர். (பதவியின் பெயர் எவ்வளவு நீளமோ, தலைக்கனமும் அவ்வளவு.)

குன்னத்தூரில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். சுமதி, தூரத்துச் சொந்தம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவதில் அவளுக்குப் பைத்தியம். அவள் அப்பா, விளையாட்டுக்கென்றே ரெடிமேடாக வரும் கம்ப்யூட்டர் இரண்டை, இரண்டு பிராண்டில், வீட்டில் இறக்கியிருந்தார். ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடைக்கே திருப்பிவிடலாம் என்பது பேச்சு.

"ஏனுங்க தம்பி, நீங்க குவாலிட்டி பாக்கறவரு. எது ரிப்பேர் ஆகாம உழைக்கும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"அதுக்கென்னங்க மாமா, பாத்துருவோம்" என்றேன். கம்ப்யூட்டருக்கு ஸ்விட்ச் உண்டு என்பது வரை எனக்குத் தெரியும்.

ஒன்று, சிவப்பு விளக்கெல்லாம் எரிந்து மாரியம்மன் நோம்பிப் பந்தல் மாதிரி இருந்தது. இன்னொன்று கறுப்பாக, பீரோ மாதிரி. இரண்டிலும் சுமதியை ரேஸ் ஓட்டச் சொல்லி, பெட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தேன். சிவப்பு கொதித்தது, மாவு மில் போல இரைந்தது. கறுப்பு கம்மென்று இருந்தது. கறுப்புக்குப் பாஸ் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் பனியனை உள்புறம் திருப்பிப் பார்க்காமல் எங்கள் செக்கிங்கில் யாரும் பாஸ் போடுவதில்லை. ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.

கட்டிங்கில் துணியில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர் ஒன்றுகூடத் தைத்து முடித்த பனியனில் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் பையர் சரக்கையே திருப்பிவிடுவான். கம்ப்யூட்டர் மூடி ஓரத்திலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள். கை தானாகப் போனது. இரண்டு பெட்டியிலும் மிச்சமில்லாமல் உரித்துப் போட்டுவிட்டு, "பினிஷிங் சுமாருங்க மாமா, நானே சரி பண்ணிட்டேன்" என்று வேறு சொன்னேன்.

சாயங்காலம் கடைக்காரர் வந்தார். பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சீலைக் கிழிச்சது யாருங்க? அது இல்லீன்னா வாரண்டி கெடையாதுங்க. இனி ரெண்டையுமே நான் திருப்பி எடுக்க முடியாதுங்களே."

மாமா என்னைப் பார்த்தார். பெண்ணும் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். செருப்பை எங்கே விட்டேன் என்று கண்ணாலேயே தேடினேன்.

அப்போது சுமதி உள்ளேயிருந்து வந்தாள். "ரெண்டும் நம்மூட்டுலயே இருக்கட்டுங்கப்பா. எனக்கொண்ணு, அவருக்கொண்ணு. ரெண்டு பேரு வெளையாட ரெண்டு வேணுமில்லீங்க?"

அவள் சம்மதம் சொன்னது அப்படித்தான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மாமா, "காப்பி சாப்புட்டுப் போங்க" என்றார். (கடைக்காரரிடம்தான் சொன்னார். நானும் குடித்தேன்.)

நான் பாஸ் போட நினைத்த கறுப்புப் பெட்டி கல்யாணத்துக்கு முன்பே புகைந்து அணைந்தது. சிவப்பு சில வருடம் இரைந்துவிட்டு ஓய்ந்தது. இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் சுமதி இந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் என்னைக் கை காட்டுவாள்.

"அன்னிக்கு வாரண்டி இல்லாம எடுத்ததுல, இன்னும் ஓடறது இவரு ஒருத்தருதானுங்க."