பன்றிநெல் அக்கா பிடித்த பிடி

கனடாவின் மொன்றியல் தீவில் சமாதானமாக இருக்கவே தெரியாத ஒரே மனுஷி யாரென்று கேட்டால், யோசிக்காமல் பன்றிநெல் அக்கா என்பேன். பேருந்து ஓட்டுநர், பனி அள்ளுகிற வண்டிக்காரர், மாதா கோயில் சாமியார் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை.

மன்னார்க்காரி. நெல்லில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். நாங்கள் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக்கூடத்தில் மற்றவர்கள் ஒழுங்கான நெல் வளர்க்க, அக்கா மட்டும் வயற்காரர் கண்டால் பிடுங்கி எறிகிற களைநெல்லை வளர்த்தார். அதற்குத்தான் ஊரில் பன்றிநெல் என்று பெயர். அறுவடைக்கு முன்பே மணியெல்லாம் கொட்டிவிடும்.

“இதைப்போய் ஏன் அக்கா?” என்று கேட்டேன்.

“தம்பி, உந்த நல்ல நெல்லெல்லாம் செல்லப்பிள்ளையள். கொஞ்சம் குளிர்ந்தாலே படுத்திடும். இது ஒருத்தரும் பாக்காமல் தானா வளந்த சாமான். ரெண்டுக்கும் கலியாணம் கட்டி வைக்கிறன். பேந்து பிள்ளையளைத் திரும்பத் திரும்ப நல்ல நெல்லுக்கே கட்டிக் குடுக்கிறன். கொட்டுற குணம் போகவேணும், குளிர் தாங்குற குணம் நிக்கவேணும்.”

ஒரு ஞாயிறு பூசையில், களைகளைத் தீயில் போடும் வேதாகம உவமை பற்றிச் சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். அக்கா எழும்பி நின்றார்.

“சாமி, எரிக்கமுதல் ஒருக்கா பரிசோதிச்சுப் பாத்திருக்கலாம்.”

கோயிலில் அன்று சிரிக்காதவர் சாமியார் மட்டும்தான்.

நிலையத்தில் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. அக்காவின் களைநெல் பக்கத்து மேசைச் சட்டிகளில் கொட்டி முளைத்தது. அது சோஃபியின் மேசை. பல வருடங்களாக ஒரே நெல்லோடு பாடுபட்ட கியூபெக் பெண் அவள். முறைப்பாடு போனது. ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்து, திங்களுக்குள் களையெல்லாம் வெளியே போகவேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் எதிரில் யாரானாலும் தமிழ்தான்.

“ஏலாது. வேணுமெண்டால் முதல் என்னைத் தூக்கி வெளியில போடும்!”

இயக்குநர் என்னைப் பார்த்தார். “யோசித்துச் சொல்கிறாராம்” என்று மொழிபெயர்த்தேன்.

“டேய், ஒழுங்காச் சொல்லடா!” என்ற அக்கா, தானே அவர் பக்கம் திரும்பி, பிரெஞ்சிலேயே “நோன்” என்றார். அது எல்லோருக்கும் விளங்கியது.

அந்த வார இறுதியில் கூடத்தின் வெப்பமூட்டி நின்றுபோனது. திங்கள் காலை நாங்கள் போனபோது உள்ளே மூச்சு புகையாக வந்தது. அடுத்த சில நாட்களில் சோஃபியின் நாற்றுகள் வெளுத்துச் சுருண்டன. அக்காவின் கலப்பு நாற்றுகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு தட்டின் மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி நாற்று, ஒன்றும் நடக்காததுபோலப் பச்சையாக நின்றது.

அக்கா இனி ஊரைக் கூட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ அழுதுகொண்டிருந்த சோஃபியிடம் போய், அந்தக் கைப்பிடியில் பாதியை அவள் முன்னால் வைத்தார்.

“பிடி, பிள்ளை. உன்ர நெல்லுக்கு இதைக் கட்டி வை.”

தமிழில்தான் சொன்னார். இந்த முறை நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்பே சோஃபி அக்காவின் தோளில் சாய்ந்தாள்.

இயக்குநர் இறங்கிவந்து, களைநெல்லுக்கு ஒரு மேசை தரலாம் என்றார்.

“மூண்டு” என்றார் அக்கா. இரண்டு கிடைத்தது. மணி சிந்தாமல் ஒவ்வொரு கதிருக்கும் பை கட்டவேண்டும் என்பது நிபந்தனை. “அது நியாயம்” என்று ஒத்துக்கொண்டார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

அந்த நாற்றின் பேரப்பிள்ளைகளை வயலில் இறக்கிப் பார்க்கும் காலம் வந்தது. நேபாளத்துக் குளிர்மலை வயல்களுக்கு அக்காவே புறப்பட்டார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி நிறை கூடிவிட்டதென்று அங்கேயும் ஒரு சண்டை. முடித்துவிட்டு என்னிடம் வந்து, “வெளியில குளிர், தம்பி” என்று என் குளிர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உள்ளே போனார்.

வீடு வந்த பிறகும் நெடுநேரம் நான் அந்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.