ஏழில் நிற்காத லிஃப்ட்

"நாலு, அஞ்சு, ஆறு, எட்டு" என்று சொல்லியபடி சிட்டு அடுத்த துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டினாள்.

"ஆறுக்கு அப்புறம் என்னடா கண்ணு?"

"எட்டுப்பா."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடியில் நிற்காமல் நேரே எட்டுக்குப் போகிற லிஃப்டுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். மூடியைக் கழற்றி, எந்த வயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது. நாலு வயசுப் பெண்ணுக்கு மூடி எங்கே இருக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

பாலர் பள்ளி மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பத்து வரை எண்ண வந்தால் மேல் வகுப்பு. வராவிட்டால் இன்னொரு வருஷம் இதே வகுப்புதான். "வீட்டுல விளையாட்டாச் சொல்லிக் கொடுங்க. அதட்டாதீங்க, மனப்பாடம் பண்ண வைக்காதீங்க."

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, லீவு கிடைக்காது. ஆகவே அப்பா லீவு போட்டார். வெளியூரில் ஒரு புதுக் கட்டடம் அவருக்காகக் காத்திருந்தது. "பொண்ணு பத்து வரைக்கும் எண்ணட்டும் சார், மறுநாளே பஸ் ஏறிடறேன்" என்று நடு ஹாலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி முதலாளிக்குப் போனில் வாக்குக் கொடுத்திருந்தார்.

கிளிப்பில் பருப்பு வேகவில்லை.

"உட்கார வச்சே சொல்லிக் கொடுத்தா எப்படிங்க வரும்? ஓடியாடி விளையாடணும்" என்று மனைவி யோசனை சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். சரி என்று மாடிப்படிக்கு அழைத்துப் போனார். ஒரு படிக்கு ஓர் எண். சிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக ஏறினாள். ஆறாவது படியில் நின்றாள். மூச்சை இழுத்தாள். அப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எட்டாவது படிக்கு ஒரே தாவு.

அவள் போய்ச் சேர்ந்தாள். அப்பாவின் முழங்கால் போய்ச் சேரவில்லை.

வலியை விட அவருக்குச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. நொண்டியபடி குனிந்து அந்த ஏழாவது படியைத் தடவிப் பார்த்தார். மற்ற படிகளைப் போல நல்ல படியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் தண்ணீர். குளியலறையில் ஒரு வாளி, ஒரு டம்ளர். ஆறு டம்ளர் வாளிக்குள் போனது. அடுத்ததைச் சிட்டு எட்டிக் கதவுக்கு வெளியே ஊற்றிவிட்டு, "எட்டு" என்று வாளிக்குத் திரும்பினாள்.

"அது மட்டும் ஏன்டா வெளியே?"

"அதுக்குப் பேர் இல்லப்பா."

அப்பா அசந்துபோனார். பேர் இல்லாதது வாளிக்குள் போகக் கூடாது என்று குழந்தை நினைக்கிறதா? அப்படியானால் வயர் அறுந்தது எங்கே, காதிலா, நாக்கிலா? திரும்பத் திரும்ப ஊற்றச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. அந்த ஒரு டம்ளர் மட்டும் வெளியேதான் போனது. இந்த அதிசயத்தில் மூழ்கி, குழாயை மூட மறந்துவிட்டார்.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு அம்மா, இடுப்பில் மூன்று வயசு மகளோடு. அந்தக் குட்டிக்குப் பேர் வைத்ததே வீண், எல்லாருக்கும் வாண்டுதான்.

"அண்ணே, எங்க வீட்டு மேல்தளம் சொட்டுது. என்ன பண்றீங்க?"

"கணக்குப் பாடம்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குத் துடைக்கிற வேலை இருக்கு. அதுவரைக்கும் இவளும் கொஞ்சம் படிக்கட்டும்" என்று வாண்டை இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் வாண்டும் இந்த வீட்டு மாணவிதான்.

"ஒரே ஒரு எண்ணுக்கு இவ்வளவு தண்ணியா?" என்றாள் மாலையில் மனைவி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்தபடி.

வியாழக்கிழமை. இனித் தனக்குத் தெரிந்த தொழில்தான் கதி என்று முடிவு செய்தார். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, பாட்டில் மூடிகளைப் பட்டன்களாக ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை எழுதினார். அசல் லிஃப்ட் தோற்றது. சிட்டு ஆபரேட்டர். வாண்டு பயணி.

அப்பா தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார். "மேடம், ஏழாவது மாடி போகணும்."

"அந்த மாடி ரிப்பேர்."

"நான் மெக்கானிக்தான் மேடம். நானே பார்க்கறேன்."

"அப்ப சரியாகிற வரைக்கும் உள்ளேயே இருங்க" என்று சிட்டு அட்டைக் கதவைச் சாத்தினாள்.

முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தவருக்குப் போன் வந்தது. வெளியூர் கட்டடத்திலிருந்து அவருடைய உதவியாள்.

"அண்ணே, வயர் எந்தெந்த மாடிக்கு இழுக்கணும்?"

"ஒண்ணையும் விடாதே. நாலு, அஞ்சு, ஆறு, எட்டு..."

"ஏழாவது மாடிக்காரங்க படியேறிப் போகட்டுமாண்ணே?"

போன் முதலாளியின் கைக்கு மாறியது. "நீ திங்கட்கிழமை வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்யா."

சரியாக அப்போதுதான் மனைவி வீட்டுக்குள் வந்தாள். அட்டைப்பெட்டி "சார், சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு ஏழு வரும்னு பார்த்தா, உங்களுக்கும் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, சிட்டுவைக் கை கழுவ அழைத்துப் போனாள்.

அப்பாவுக்கு அவமானமாக இருந்தது. அதே நேரத்தில் அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்க மனசும் வரவில்லை. அவர் வேலைக்குப் போகும்போதும் பெண் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். முகத்துக்கு நேராக அவள் சிரிப்பதை நாள் முழுக்கப் பார்த்தது இந்த வாரம்தான். ஆனால் அவள் ஒரு வருஷம் பின்தங்கிவிடுவாளே. எங்கேதான் போய் ஒளிந்திருக்கிறது அந்த ஏழு?

எதிரே வாண்டு விரலைச் சப்பியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்காவது எண்ணத் தெரியுமாம்மா?" என்றார், பேச்சுக்கு.

வாண்டு வாயிலிருந்து விரலை எடுத்து, ஈரத்தோடு பாட்டில் மூடிகளைத் தொட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து."

அப்பா நிமிர்ந்த வேகத்தில் பெட்டியின் கூரை பிய்ந்தது. "பள்ளிக்கூடமே போகாத புள்ள நீ. யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"சிட்டக்கா."

"அவளுக்கே ஏழு வராதே."

வாண்டு சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்து சொன்னது:

"வரும் மாமா. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம். சொல்லிட்டா நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்களாம்."