ஐந்து சங்கங்களின் தலைவி

நடந்தது இவ்வளவுதான்:

1. பதினேழு வயதில், ஸ்கூலின் கடைசிக் கட்டமான சிக்ஸ்த் ஃபோமில், என் தோழி பிரசிடென்ட் ஐந்து சங்கங்களைத் தொடங்கினாள்.
2. ஐந்துக்கும் அவள் தலைவி, நான் செயலாளர். மூன்றாவது ஆள் சேரவே இல்லை.
3. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம்.
4. ஒருத்திக்கு இடம் கிடைத்தது.

லண்டனில் அவள் தலைமை தாங்காத அமைப்பு பாராளுமன்றம் ஒன்றுதான். அதற்கும் வயது வரவில்லை என்பதே காரணம். எங்கள் பகுதியான தோர்ண்டன் ஹீத்தில் அவளுடைய சொந்தப் பெயரை அவளுடைய அம்மாவே மறந்திருந்தார். "பிரசிடென்ட், சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றுதான் கூப்பிடுவார்.

போட்டி கூடிய இடங்களுக்கு மதிப்பெண் மட்டும் காணாது, தலைமைப் பண்பும் சமூக சேவையும் வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். "நீயும் நானும் ஒண்டாப் போறம். ஒரே ஹொஸ்டல், பக்கத்துப் பக்கத்து ரூம்" என்றாள். அதற்காகத்தான் செஸ், மரநடுகை, ரோபோ, தெருச் சுத்தம், விவாதம் எல்லாம்.

கூட்டங்கள் பஸ்ஸின் மேல்தட்டில், முன் சீட்டில் நடக்கும். விவாத சங்கத்தில் அவள் ஒரு கட்சி, நான் மறு கட்சி. நடுவரும் அவள்தான்.

"நான் ஒருக்காக்கூட வெல்லேல்லையேடி."

"நல்லாத்தான் பேசினனீ. ஆனா நடுவர் கண்டிப்பானவ."

சனிக்கிழமைகளில், இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஃபூட் பாங்கில் நின்றோம். அது ஒரு சேர்ச் ஹோலில் நடந்தது. அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றமும் ஒரு சனிக்கிழமையில்தான் வந்தது, அதே ரோட்டின் எதிர்ப்பக்க மண்டபத்தில்.

"வாராவாரம் போறன் எண்டு விண்ணப்பத்தில எழுதிப்போட்டன். இண்டைக்கு விட்டா அது பொய்யெல்லே?"

"பிரசிடென்ட், இண்டைக்கு உன்ர அரங்கேற்றம்."

"மூண்டு சீஃப் கெஸ்ட் பேசப்போகினம். அந்த நேரம் காணும்."

வர்ணம் முடிந்தது. முதல் விருந்தினர் மைக்கைப் பிடித்தார். அவள் பட்டு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, சலங்கை குலுங்க ரோட்டைக் கடந்தாள், பின்னால் நானும். நெற்றிச்சுட்டியோடு நின்று பீன்ஸ் டின் கொடுத்தாள். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், இன்று என்ன பண்டிகை என்று கேட்டார். "சனிக்கிழமை" என்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது மூன்றாவது விருந்தினர், "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடிக்கிறேன்" என்று தொடங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு நேர்முகத் தேர்வு வந்தது. உங்கள் சங்கங்களில் எத்தனை பேர் என்று அவளிடம் கேட்டார்களாம்.

"ரெண்டு பேர் எண்டன். செக்ரட்டரி ஒழுங்கா வாறேல்லை எண்டும் சொன்னன்."

"அரங்கேற்றத்தண்டு டின் குடுத்ததைச் சொன்னியா?"

"அதில என்ன கிடக்கு? சனிக்கிழமை போறதுதானே."

என்னிடம், உங்கள் தலைவி எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். நான் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இடம் எனக்குக் கிடைத்தது. முடிவு வந்த அன்று அவள் பஸ்ஸில் அவசரக் கூட்டம் கூட்டினாள்.

"செக்ரட்டரிக்குப் பாராட்டுத் தீர்மானம். எழுதடி."

எழுதினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏகமனதாக எண்டு போடு" என்றாள்.

ஹொஸ்டலில் என் பக்கத்து ரூமில் இருந்தவள் நல்ல பிள்ளை. மூன்று வருடமும் ஒரு சங்கம்கூடத் தொடங்கவில்லை.

இப்போதைய நிலை: நான் பொறியியலாளர். தோர்ண்டன் ஹீத்திலேயே இருக்கிறேன், சனிக்கிழமைகளில் ஃபூட் பாங்குக்குப் போகிறேன். தலைவி ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் படித்து, அங்கேயே வேலை செய்கிறாள். ஐந்து சங்கங்களில் எதுவும் கலைக்கப்படவில்லை. தலைவி வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.